கணினியின் மின்வழங்கி: எத்தனை வாற்று போதும்?

பிள்ளைகளுக்குக் கணினி வாங்க நினைக்கும் பெற்றோர், புரொசெசர் என்ன, நினைவகம் எத்தனை ஜீபீ, மொனிட்டர் எத்தனை அங்குலம் என்று நான்கு பேரிடமாவது விசாரிக்கிறார்கள். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பாகத்தைப் பற்றி விசாரிப்பவர் குறைவு. "அது கேசிங்கோடயே வரும்" என்ற ஒரு வார்த்தையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கடைகளில் பவர் சப்ளை என்றும் தமிழில் மின்வழங்கி என்றும் சொல்லப்படும் அந்த இரும்புப் பெட்டியை எப்படித் தெரிவுசெய்வது என்பதை, நான் கற்றுக்கொண்ட அளவில் இக்கட்டுரையில் விளக்குகிறேன். பௌதிகவியல் படிக்கும் தோழியருக்கு இதிலுள்ள கணக்குகள் புதியவை அல்ல. ஓட்ட மின்னியலில் நாம் எழுதும் அதே சமன்பாடுகள்தாம் கடை மேசையிலும் உதவுகின்றன.

எங்கள் வீட்டில் சென்ற வருட இறுதி விடுமுறையில் ஒரு கணினியைப் பாகம் பாகமாக வாங்கி நாங்களே பொருத்தினோம். தாத்தா வெளிவாரிப் பட்டப்படிப்புடன் வீட்டிலிருந்தே வடிவமைப்பு வேலைகளும் செய்கிறார். எனக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தின் செயற்றிட்டம் இருந்தது. தம்பிக்கு விளையாட்டு. மூவருக்கும் ஒரே கணினி. அதற்கான பணம், உம்மா இரண்டு வருடமாகக் கட்டிய சீட்டு. எரிந்து போனால் இன்னொன்று வாங்க வழியில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மூன்று கடைகளில் விலைப்பட்டியல் எடுத்தோம். மூன்றிலும் ஒவ்வொரு பாகத்துக்கும் கம்பனிப் பெயரும் மாதிரி இலக்கமும் இருந்தன. ஒரு வரியில் மட்டும் "பவர் சப்ளை, 500 வாற்று" என்று மொட்டையாக எழுதியிருந்தது. பெயரும் இல்லை, இலக்கமும் இல்லை. அந்த வரியில் நல்லதொன்றைப் போட வேண்டும் என்று நான் சொன்னபோது விலை கூடியது. உம்மா கேட்டார்: "உள்ளுக்கு ஒளிஞ்சி கிடக்கிற சாமானுக்கு ஏன் மகள் இவ்வளவு காசு?" நியாயமான கேள்வி. அதற்கு நான் கொடுத்த பதிலை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

மின்வழங்கி செய்யும் வேலை

நமது வீட்டுக்கு வருவது 230 வோல்ற்று, 50 ஹேட்ஸ் ஆடலோட்டம். கணினியின் பாகங்களுக்குத் தேவைப்படுவதோ 12 வோல்ற்று, 5 வோல்ற்று, 3.3 வோல்ற்று நேரோட்டம். இந்த மாற்றத்தைச் செய்வதே மின்வழங்கி.

முதலில் அது ஆடலோட்டத்தைச் சீராக்கி ஒரு பெரிய கொள்ளளவியில் சேமிக்கிறது. 230 வோல்ற்று என்பது வர்க்கமூல இடைப் பெறுமானம் என்பதால், உச்சப் பெறுமானம் ஏறக்குறைய 325 வோல்ற்று. பின்னர் திரான்சிற்றர்கள் அந்த நேரோட்டத்தை ஒரு செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி ஒரு சிறிய நிலைமாற்றிக்குள் அனுப்புகின்றன. மீடிறன் கூடும்போது நிலைமாற்றியின் பருமன் குறையலாம். அதனால்தான் பல நூறு வாற்று தரும் கருவி ஒரு செங்கல்லை விடச் சற்றுப் பெரிய பெட்டிக்குள் அடங்குகிறது. கடைசியாக மீண்டும் சீராக்கி, சிறு ஏற்ற இறக்கங்களைக் கொள்ளளவிகளால் சமப்படுத்தி வெளியே அனுப்புகிறது.

மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை பின்பற்றும் நியமம் ஏடிஎக்ஸ். இன்டெல் நிறுவனம் 1995 இல் இதை வெளியிட்டது. அளவு, திருகுத் துளைகள், இணைப்பிகள், வோல்ற்றளவுகள் எல்லாம் இந்த நியமத்தில் உள்ளன. 12 வோல்ற்று என்றால் அது 11.4 இற்கும் 12.6 இற்கும் இடையில் நிற்க வேண்டும். 5 வோல்ற்று 4.75 இற்கும் 5.25 இற்கும் இடையில் நிற்க வேண்டும். அதாவது ஏற்றமோ இறக்கமோ நூற்றுக்கு 5 மட்டுமே. கணினி சும்மா இருக்கும்போதும், கடுமையான வேலை செய்யும்போதும், ஒன்றிலிருந்து மற்றதற்குத் திடீரெனத் தாவும்போதும் இந்த எல்லை மீறப்படக் கூடாது. மலிவான மின்வழங்கிகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

கெட்டால் தனியே கெடாது

மொனிட்டர் பழுதானால் மொனிட்டரை மட்டும் மாற்றலாம். விசிறி நின்றால் விசிறியை மாற்றலாம். மின்வழங்கியோ எல்லாப் பாகங்களோடும் கம்பியால் இணைந்திருக்கிறது. அது தவறான வோல்ற்றளவைக் கொடுத்தால் தாங்க வேண்டியவை மற்றப் பாகங்கள்.

எனது மாமா ஒரு கம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறார். போட்டோகொப்பி, கடவுச்சீட்டு அளவுப் படம், ஒன்லைன் விண்ணப்பம் என்று நாள் முழுக்க வேலை. கடையின் கணினிக்குள் இருந்தது பெயர் தெரியாத ஒரு மின்வழங்கி. ஒருநாள் மாலை கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது "டப்" என்று ஒரு சத்தம், பின்னர் கருகிய மணம். திறந்து பார்த்த திருத்துநர், மின்வழங்கியோடு தாய்ப்பலகையும் வன்தட்டும் போய்விட்டன என்றார். தாய்ப்பலகைக்கு வேறொன்று கிடைத்தது. வன்தட்டில் இருந்தவை கிடைக்கவில்லை. உம்மம்மாவின் கடைசிப் பெருநாளன்று எடுத்த படங்கள் அதில்தான் இருந்தன. அவற்றுக்கு வேறு பிரதி இருக்கவில்லை.

நல்ல மின்வழங்கியும் ஒருநாள் பழுதாகலாம். ஆனால் அதற்குள் பாதுகாப்புச் சுற்றுகள் இருக்கும். வோல்ற்றளவு எல்லை மீறினால், அளவுக்கு மேல் ஓட்டம் இழுக்கப்பட்டால், குறுஞ்சுற்று ஏற்பட்டால், வெப்பம் கூடினால் அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். தான் நின்று போனாலும் மற்றவற்றை எரிய விடாமல் இருக்கவே அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. விலையைக் குறைப்பதற்காக முதலில் கைவிடப்படுபவை இந்தச் சுற்றுகள்தாம். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயமும் உண்டு. பல கடைகளின் பற்றுச்சீட்டில், எரிந்த அடையாளம் உள்ள பொருட்களுக்கு உத்தரவாதம் இல்லை என்று அச்சிட்டிருப்பார்கள். மின்வழங்கி தாய்ப்பலகையை எரித்துவிட்டால், தாய்ப்பலகையின் மூன்று வருட உத்தரவாதம் அப்போது பயன்படாமல் போகலாம்.

தேவையைக் கணக்கிடுவோம்

எத்தனை வாற்று வேண்டும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. கூட்டிப் பார்க்கலாம். எங்கள் கணினியையே உதாரணமாக எடுக்கிறேன்.

புரொசெசர் ரைசன் 5 5600ஜி. அதன் பெட்டியில் 65 வாற்று என்று இருக்கும். ஆனால் முழு வேகத்தில் இயங்கும்போது அது 88 வாற்று வரை எடுக்க அனுமதி உண்டு. இன்டெல்லிலும் இப்படியே. கோர் ஐ5-12400 இன் அடிப்படை வலு 65 வாற்று, உச்ச வலு 117 வாற்று. கணக்குக்கு எப்போதும் உச்சப் பெறுமானத்தையே எடுக்க வேண்டும்.

தாய்ப்பலகை, நினைவகம், எஸ்எஸ்டி, ஒரு வன்தட்டு, மூன்று விசிறிகள், யூஎஸ்பியில் மாட்டும் சாமான்கள் எல்லாவற்றுக்குமாகத் தாராளமாக 60 வாற்று வைத்தேன். மொத்தம் 148 வாற்று. மொனிட்டருக்குத் தனிச் செருகி இருப்பதால் அதை இந்தக் கூட்டலில் சேர்ப்பதில்லை.

இப்போதைக்கு இவ்வளவுதான். ஆனால் தாத்தாவின் காணொளி வேலைகளுக்காகப் பின்னர் ஒரு கிராபிக்ஸ் கார்ட் போட வேண்டி வரும். ஆர்டிஎக்ஸ் 3060 என்று வைத்தால் அதற்கு 170 வாற்று. கூட்டினால் 318 வாற்று.

அப்படியானால் 350 வாற்று போதுமே என்று தோன்றும். ஆனால் அந்தக் கார்டுக்கு என்விடியா நிறுவனம் பரிந்துரைப்பது 550 வாற்று மின்வழங்கி. இந்த இடைவெளிக்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, கிராபிக்ஸ் கார்ட் சீராக மின்சாரம் எடுப்பதில்லை. ஒரு செக்கனின் மிகச் சிறிய பகுதிக்கு அது குறிப்பிட்ட வலுவை விட மிகக் கூடுதலாக இழுக்கும். மின்வழங்கிக்கு அந்தத் திடீர்த் தேவையைத் தாங்க இடம் இருக்க வேண்டும். இரண்டாவது, கொள்ளளவிகள் முதுமையடைவதால் ஐந்தாறு வருடங்களின் பின் மின்வழங்கியின் திறன் சற்றுக் குறையலாம். மூன்றாவது, முழுச் சுமையில் ஓடும் மின்வழங்கி சூடாகும், அதன் விசிறியும் சத்தம் போடும். பாதிச் சுமைக்கு அண்மையில் அது அமைதியாகவும் கூடிய வினைத்திறனுடனும் ஓடும்.

எனவே நான் கடைப்பிடித்த வழி இது: உச்சப் பெறுமானங்களைக் கூட்டு, ஒன்றரை மடங்காக்கு, அதற்கு அடுத்த அளவை எடு. 318 இன் ஒன்றரை மடங்கு 477. கடையில் கிடைக்கும் பொருத்தமான அளவு 550. கிராபிக்ஸ் கார்ட் எப்போதுமே போடாத கணினிக்கு நல்ல தரமான 400 அல்லது 450 வாற்று தாராளம். 850, 1000 என்று எண்ணைக் கூட்டிக்கொண்டு போவதால் சாதாரண வீட்டுக் கணினிக்கு ஒரு நன்மையும் இல்லை. அந்தப் பணத்தில் தரத்தைக் கூட்டலாம்.

லேபலில் உள்ள ஒரே ஓர் எண்

ஒவ்வொரு மின்வழங்கியின் பக்கத்திலும் ஓர் அட்டவணை ஒட்டப்பட்டிருக்கும். பெரிய எழுத்தில் உள்ள வாற்றை விட்டுவிட்டு, +12 வோல்ற்று என்ற நிரலைப் பாருங்கள். புரொசெசரும் கிராபிக்ஸ் கார்டும் தமக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெரும்பாலும் 12 வோல்ற்றிலிருந்தே எடுக்கின்றன. புரொசெசர் உண்மையில் ஏறக்குறைய 1 வோல்ற்றில்தான் இயங்குகிறது. 12 ஐ அந்த அளவுக்கு இறக்குவது தாய்ப்பலகையிலுள்ள சுற்றுகள்.

நான் கடைகளில் பார்த்த இரண்டு லேபல்களை ஒப்பிடுகிறேன். முதலாவதில் 500 வாற்று என்று கொட்டை எழுத்தில் இருந்தது. +12 வோல்ற்றின் கீழ் 18 அம்பியர். வலு = வோல்ற்றளவு × ஓட்டம். 12 ஐ 18 ஆல் பெருக்கினால் 216 வாற்று. மீதி எங்கே? 5 வோல்ற்றிலும் 3.3 வோல்ற்றிலும் பெரிய பெரிய அம்பியர்களைக் காட்டிக் கூட்டியிருந்தார்கள். இன்றைய கணினி அவற்றில் அவ்வளவு எடுப்பதே இல்லை. இரண்டாவது லேபலில் 550 வாற்று, +12 வோல்ற்றின் கீழ் 45 அம்பியர். பெருக்கினால் 540 வாற்று. ஏறத்தாழ முழு வலுவும் தேவையான இடத்திலேயே இருக்கிறது.

பெட்டியில் இரண்டுக்கும் இடையே 50 வாற்று வித்தியாசம்தான். உள்ளே 324 வாற்று வித்தியாசம். முதலாவதை வாங்கியிருந்தால், எங்கள் கணக்கின்படி கிராபிக்ஸ் கார்ட் போடும் நாளில் அது தாங்கியிராது.

சில லேபல்களில் 12 வோல்ற்று இரண்டு நிரல்களாகப் பிரிந்திருக்கும். அப்போது இரண்டையும் நேரே கூட்டக் கூடாது. இரண்டுக்கும் சேர்த்து அனுமதிக்கப்படும் மொத்த வலு கீழ் வரிசையில் தனியாக எழுதப்பட்டிருக்கும். அதையே எடுக்க வேண்டும். உச்ச வலு என்று மட்டும் எழுதி, தொடர்ச்சியாகத் தரும் வலுவை எழுதாத லேபலையும் நம்ப வேண்டாம்.

இந்தக் கேள்வியை நான் ஒரு கடையில் கேட்டேன். கேட்டது நான், பதில் வந்தது பக்கத்தில் நின்ற வாப்பாவுக்கு. வாப்பா சிரித்துவிட்டு, "மகளுக்குச் சொல்லுங்க, அவதான் கணக்குப் பார்க்கிறா" என்றார். அதன் பிறகு கடைக்காரர் பெட்டியைத் திறந்து லேபலைக் காட்டினார். தெளிவான கேள்வியைக் கேட்டால் தெளிவான பதில் கிடைக்கிறது என்பதை அன்று கண்டேன்.

தங்கம், வெள்ளி, வெண்கலம்

பல மின்வழங்கிகளின் பெட்டியில் 80 பிளஸ் என்ற முத்திரை இருக்கும். 2004 இல் அமெரிக்காவில் தொடங்கிய தரப்படுத்தல் இது. சுவரிலிருந்து எடுக்கும் வலுவில் நூற்றுக்கு எத்தனை பங்கு கணினிக்குப் போய்ச் சேருகிறது என்பதை, அதாவது வினைத்திறனை, இது அளக்கிறது. பாதிச் சுமையில் சாதாரண 80 பிளஸுக்கு நூற்றுக்கு 80, வெண்கலத்துக்கு 85, வெள்ளிக்கு 88, தங்கத்துக்கு 90, பிளற்றினத்துக்கு 92, தைத்தேனியத்துக்கு 94. இவை 115 வோல்ற்றில் செய்யப்படும் சோதனைக்கான எல்லைகள். நமது 230 வோல்ற்றில் வினைத்திறன் பொதுவாகச் சற்றுக் கூடவே இருக்கும்.

கணினிக்கு 200 வாற்று தேவை என்று வையுங்கள். வினைத்திறன் 80 என்றால் சுவரிலிருந்து 250 வாற்று எடுக்கப்படும், 50 வாற்று வெப்பமாக வீணாகும். வினைத்திறன் 90 என்றால் 222 வாற்று எடுக்கப்படும், 22 வாற்று மட்டுமே வீணாகும். நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலம் பாவித்தால், மாதத்துக்கு ஏறக்குறைய 4 அலகு மிச்சம். பெரிய தொகை இல்லை. ஆனால் வெப்பம் பாதிக்கு மேல் குறைகிறது என்பது முக்கியம். கொள்ளளவிகளின் முதல் எதிரி வெப்பம். அவற்றின் வெப்பநிலை 10 பாகை குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொறியியலாளர்கள் பயன்படுத்தும் பொது விதி. நமது ஊர் வெயிலில், விசிறி மட்டும் சுழலும் அறையில், இது கணக்கிலெடுக்க வேண்டிய விடயம். கொள்ளளவிகள் 105 பாகை தரத்தைச் சேர்ந்தவை என்று குறிப்பிடப்பட்டிருந்தால் அது 85 பாகை தரத்தை விட நல்லது.

ஒன்றை மறக்கக் கூடாது. 80 பிளஸ் முத்திரை வினைத்திறனை மட்டுமே சொல்கிறது. முன்னே சொன்ன பாதுகாப்புச் சுற்றுகள் இருக்கின்றனவா என்பதை அது சோதிப்பதில்லை. ஆகவே அச்சுற்றுகளின் பெயர்கள் பெட்டியிலோ உற்பத்தியாளரின் விவரத்தாளிலோ உள்ளனவா என்று தனியாகப் பார்க்க வேண்டும். உத்தரவாதக் காலமும் நல்ல குறிப்பு. தரமான மின்வழங்கிகளுக்கு ஐந்து, ஏழு, பத்து வருடங்கள் கூடக் கொடுக்கிறார்கள். தன் பொருள் ஆறு மாதத்தில் போகும் என்று நினைக்கும் எவரும் ஐந்து வருடம் எழுதிக் கொடுப்பதில்லை.

பெரிய மின்வழங்கியால் பில் கூடுமா?

பெற்றோர் பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. 550 வாற்று மின்வழங்கி எப்போதும் 550 வாற்று எடுக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெரிய தண்ணீர்த் தாங்கி வைத்ததால் யாரும் கூடுதலாகத் தண்ணீர் குடிப்பதில்லை. கணினிக்கு அந்த நேரத்தில் 80 வாற்று போதும் என்றால், மின்வழங்கி அந்த 80 ஐயும் தன் வீண்விரயத்தையும் சேர்த்து மட்டுமே எடுக்கும். கட்டுரை எழுதும்போதும் இணையத்தில் படிக்கும்போதும் எங்கள் கணினியின் தேவை அதன் உச்சத் தேவையில் ஒரு பகுதி மட்டுமே.

நமது நாட்டு மின்சாரமும் கணினியும்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் போனது. இவை பெரிய நிகழ்வுகள். சிறிய தடங்கல்கள் அடிக்கடி வருகின்றன. மஃரிபுக்குப் பின்னர் எல்லா வீடுகளிலும் மின்குமிழ் எரியும் நேரத்தில், சில ஊர்களில் வோல்ற்றளவு இறங்குவதை நாமே காண்கிறோம்.

வோல்ற்றளவு இறங்கினால் என்ன நடக்கும்? தேவையான வலு மாறாததால் ஓட்டம் கூடும். 250 வாற்றுக்கு 230 வோல்ற்றில் 1.09 அம்பியர், 180 வோல்ற்றில் 1.39 அம்பியர். லேபலில் உள்ளீடு 100 முதல் 240 வோல்ற்று என்று இருந்தால் அந்த மின்வழங்கி இதைத் தாங்கும். 200 முதல் 240 என்று இருந்தால், இறக்கத்தின்போது கணினி திடீரென நின்றுவிடக் கூடும். சில பழைய மின்வழங்கிகளின் பின்பக்கத்தில் 115, 230 என்று மாற்றும் சிறிய சிவப்பு ஆளி இருக்கும். அது 230 இல் இருக்கிறதா என்று செருகியை மாட்டுவதற்கு முன் பார்க்க வேண்டும். 115 இல் வைத்து நமது மின்சாரத்தைக் கொடுத்தால் மின்வழங்கி அந்த நொடியே வெடித்துவிடும்.

யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் இரண்டு விடயங்களைக் கவனிக்கலாம். யூபிஎஸ்ஸில் எழுதியிருக்கும் 650 விஏ என்பது வாற்று அல்ல. வலுக் காரணி 0.6 என்றால் அது தருவது 390 வாற்று. அடுத்தது, கரண்ட் போனவுடன் பற்றரிக்கு மாறச் சில மில்லிசெக்கன்கள் எடுக்கும். அந்த இடைவெளியில் கணினியை ஓட வைப்பது மின்வழங்கியின் பெரிய கொள்ளளவியில் சேமித்த சக்தி. தரமான மின்வழங்கி ஏறக்குறைய 16 மில்லிசெக்கன் தாங்கும். மலிவானதில் சிறிய கொள்ளளவியைப் போட்டிருப்பார்கள். யூபிஎஸ் இருந்தும் கணினி நின்று நின்று எழும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புவித்தொடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணினியின் இரும்புக் கேசிங்கைத் தொட்டால் கையில் "சுர்" என்று ஏறுவதாகப் பலர் சொல்வார்கள். மின்வழங்கியின் உள்வாயிலில், இரைச்சலைத் தடுக்க, இரு மின்கம்பிகளிலிருந்தும் புவிக் கம்பிக்குச் சிறு கொள்ளளவிகள் இணைக்கப்பட்டிருக்கும். பிளக் பொயிண்டில் புவித்தொடுப்பு இல்லாவிட்டால், அல்லது மூன்று முனைச் செருகியை இரண்டு முனை அடப்டரில் மாட்டினால், கேசிங் ஏறக்குறைய பாதி வோல்ற்றளவில், அதாவது 115 வோல்ற்றுக்கு அண்மையில் மிதக்கும். ஓட்டம் மிகச் சிறிது என்பதால் கூச்சம் மட்டுமே தெரிகிறது. ஆனால் உள்ளே உண்மையான பழுது ஏற்பட்டால் நம்மைக் காக்க அங்கே ஒன்றும் இல்லை. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை அலட்சியம் செய்யக் கூடாது. ஒரு மின்னிணைப்பாளரை அழைத்துப் புவித்தொடுப்பையும் ட்ரிப் சுவிட்சையும் சோதித்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவு எந்த மின்வழங்கியின் விலையை விடவும் முக்கியம்.

இடி மின்னலை எந்த மின்வழங்கியும் வெல்லாது. ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடி முழங்கும்போது, ஆளியை மூடினால் மட்டும் போதாது, செருகியையே கழற்றிவிட வேண்டும்.

பொருத்தும்போது

மின்வழங்கியிலிருந்து வரும் 24 முனை இணைப்பி தாய்ப்பலகைக்கு. 4 அல்லது 8 முனை இணைப்பி புரொசெசருக்கு. கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி இணைப்பிகள்: 6 முனை உள்ளது 75 வாற்று தரும், 8 முனை உள்ளது 150 வாற்று தரும். தாய்ப்பலகையின் துளை வழியாக இன்னும் 75 வாற்று கிடைக்கும். வாங்கப் போகும் கார்டுக்குத் தேவையான இணைப்பி மின்வழங்கியிலேயே இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். பாவித்த அலுவலகக் கணினியை வாங்கி அதில் கிராபிக்ஸ் கார்ட் போட நினைப்பவர்களுக்கு இது மிக அவசியம். அவற்றின் மின்வழங்கிகள் பல 240, 300 வாற்று அளவினவே. சிலவற்றின் இணைப்பிகள் ஏடிஎக்ஸ் நியமத்திலும் இல்லை. அவற்றுக்கு ஜிடிஎக்ஸ் 1650 போன்று 75 வாற்றுக்குள் அடங்கி, தனி இணைப்பி கேட்காத கார்ட் பொருந்தலாம். மாற்று வயர்களை ஒட்டிப் பெரிய கார்டை ஓட்டுவது நெருப்போடு விளையாடுவது.

கழற்றி மாட்டக்கூடிய வயர்கள் உள்ள மின்வழங்கியை மாற்றும்போது, பழைய வயர்களைப் புதியதில் மாட்டக் கூடாது. முனை பொருந்தும், ஆனால் உள்ளே வயர்களின் ஒழுங்கு ஒவ்வொரு கம்பனிக்கும் வேறு. 5 வோல்ற்று போக வேண்டிய இடத்துக்கு 12 வோல்ற்று போய் வன்தட்டு எரிந்துவிடலாம். மின்வழங்கியின் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்க வேண்டாம். செருகியைக் கழற்றிய பின்னும் பெரிய கொள்ளளவியில் 300 வோல்ற்றுக்கு மேல் தங்கியிருக்கக் கூடும்.

நாங்கள் வாங்கியது

கடைசியில் நாங்கள் 550 வாற்று, வெண்கல முத்திரை, +12 வோல்ற்றில் 45 அம்பியர், ஐந்து வருட உத்தரவாதம் கொண்ட ஒன்றை எடுத்தோம். மொத்தச் செலவில் அது ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. மேலதிகப் பணத்துக்காக, தம்பி ஆசைப்பட்ட வண்ண விளக்குக் கண்ணாடிக் கேசிங்கை விட்டுச் சாதாரண கேசிங் வாங்கினோம். தம்பி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மாமாவின் வன்தட்டில் போன படங்களைப் பற்றி உம்மாதான் அவனுக்கு எடுத்துச் சொன்னார்.

விலைப்பட்டியலைக் கையில் எடுக்கும் பெற்றோருக்கும் தோழியருக்கும் சுருக்கமாக இவற்றைச் சொல்வேன். மின்வழங்கியின் கம்பனிப் பெயரும் மாதிரி இலக்கமும் எழுதாத பட்டியலை ஏற்காதீர்கள். தேவையைக் கூட்டி ஒன்றரை மடங்காக்குங்கள். 12 வோல்ற்றின் அம்பியரைப் பெருக்கிப் பாருங்கள். பாதுகாப்புச் சுற்றுகளையும் உத்தரவாத வருடங்களையும் வாசியுங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். எந்த மின்வழங்கியை வாங்கினாலும், திரும்பக் கிடைக்காத படங்களுக்கும் ஆவணங்களுக்கும் வேறோர் இடத்தில் ஒரு பிரதி வைத்திருங்கள்.

"எத்தனை வாற்று வேணும்?" என்று கடையில் கேட்பார்கள். "பன்னிரண்டு வோல்ற்றில் எத்தனை அம்பியர்?" என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள்.